பின் கதவின் இடது கீழ் மூலை

காணாமற்போன ஒரு மனிதர் ஓட்டிய வானின் கதவு என் கைக்கு வந்தது. அது அவருடைய கதவு என்று எனக்குத் தெரிந்தது. அதை அடையாளம் காட்டக்கூடிய ஒரேயொரு துண்டை நான் வெட்டி எறியச் செய்தேன். பிறகு அவருடைய மனைவியின் முகத்தைப் பார்த்து இரண்டு தடவை பொய் சொன்னேன்.

இதுதான் என் குற்றம். இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலையை முறையாகப் படித்தவள். எதையும் வரிசைப்படி எழுதிவைத்துச் செய்துதான் பழக்கம். ஆகவே நடந்ததை முதலில் அப்படியே தருகிறேன்.

1. சுனாமியாகக் கடல் வந்த மறுவருடம், குணமண்ணனின் வானின் பின் கதவை நான் திருத்தினேன். நான் தனியாகத் திருத்திய முதலாவது கதவு அது.
2. அதற்கடுத்த வருடம், வாகரைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்துகொண்டிருந்த நாட்களில், அவர் அந்த வானில் கதிரவெளிக்குப் புறப்பட்டார். அவரும் திரும்பவில்லை, வானும் திரும்பவில்லை.
3. யுத்தம் முடிந்த பிறகு, வேறொரு வானுக்குப் பூட்டவென்று பழைய பின் கதவு ஒன்று எங்கள் கராஜுக்கு வந்தது.
4. அதைக் கழுவினேன். தேய்த்தேன்.
5. இடது கீழ் மூலையில் என் சொந்த வேலையைக் கண்டேன்.
6. அந்த மூலையை வெட்டி எடுக்கச் சொன்னேன்.
7. குணமண்ணனின் மனைவி சந்திரா அக்கா வந்து, வான் ஏதும் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.
8. வானின் அடையாளங்களை எழுதித் தரும்படி கேட்டார். எழுதினேன். அந்த மூலையை மட்டும் எழுதவில்லை.

வாசிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தும் ஆறும்... அவற்றில் எது முதலில் நடந்தது? கண்ட பிறகு வெட்டச் சொன்னேனா? வெட்டச் சொல்லிவிட்டுக் கண்டேனா?

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது வாழ்க்கை வித்தியாசம்! முதலாவது என்றால் நான் ஒரு தடயத்தை அழித்தவள். இரண்டாவது என்றால் என் வேலையைச் செய்தவள், பிறகு வாயை மூடிக்கொண்டவள். "தெரிந்தது" என்று மேலே துணிந்து எழுதிவிட்டேன். எப்போது தெரிந்தது?

பொறுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

கடல் வந்து போன பிறகு இளம் பிள்ளைகளுக்கென்று நகரத்தில் பல பயிற்சிகள் தொடங்கினார்கள். பெண்களுக்குத் தையல், கேக் ஐசிங். நான் பெயர் பதியப் போன அன்று இரண்டிலும் இடமில்லை. வாகனப் பெயின்ற் வேலைக்குத்தான் ஆள் குறைவு என்றார்கள். கல்லடியில் எங்கள் வீட்டில் அப்போது இரண்டு சுவர்கள் மிஞ்சியிருந்தன. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வீடு இல்லை. பெயரைக் கொடுத்தேன்.

செய்முறைப் பயிற்சிக்கு என்னைத் தன்னாமுனையில் நடேசண்ணனின் கராஜுக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டேன். கராஜில் தகர வேலை செய்பவர் லாபிர் காக்கா. ஏறாவூர்க்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்துவதும், துருவால் உக்கியதை வெட்டிக் காஸ் நெருப்பில் புதுத் தகடு ஒட்டுவதும் அவர். அதன் மேல் மேடுபள்ளம் நிரப்பப் பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ற் அடிப்பது நான்.

குணமண்ணன் வாடகைக்கு வான் ஓட்டியவர். கடல் அந்த வானை நாவலடியிலிருந்து இழுத்துக்கொண்டுபோய், வாவிக் கரையில் கண்டல் மரங்களுக்குள் செருகிவிட்டிருந்தது. அவர் எஞ்சினைக் கழற்றிக் கழுவி எப்படியோ ஓட வைத்துவிட்டார். ஆனால் உப்புத்தண்ணீர் தகரத்தை விடுமா? சில மாதங்களில் கதவுகளின் கீழ் ஓரமெல்லாம் துரு பொங்கியது.

"பின் கதவைப் பிள்ளைக்கிட்டக் குடுத்துப் பார்ப்பமா?" என்று நடேசண்ணன் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"குடுங்க, குடுங்க. பின்னால என்ன கோலம் எண்டு பின்னால வாறவனுக்குத்தானே தெரியும்? நான் முன்னுக்குப் பார்த்துத்தானே ஓடுறன்!" என்று சிரித்தார் குணமண்ணன்.

அப்படித்தான் எனக்கு என் முதலாவது கதவு கிடைத்தது. வேறு எவரும் அன்று என்னை நம்பிக் கதவு தந்திருக்கமாட்டார்கள். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

கதவின் இடது கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பே இல்லை. துரு தின்று ஓட்டையாகிவிட்டது. உக்கிய பகுதியை வெட்டி எறி, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து ஒட்டு, துருவை ஒருபோதும் மூடாதே... பயிற்சியில் முதல் வாரமே சொல்லித்தந்த பாடம். ஆனால் அந்த வாரம் ஒட்டுவதற்குக் காஸ் சிலிண்டர் வரவில்லை. தகடும் இல்லை. குணமண்ணனுக்கோ மறுநாள் ஒரு கலியாண ஓட்டம்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் கிடந்த ஒரு பொருள், தகரத்தாலான நிவாரண எண்ணெய் ரின். முகாம்களில் பங்கிட்ட சமையல் எண்ணெய் அதில்தான் வந்தது. தண்ணீர் அள்ள அந்த ரின். அரிசி அளக்க அந்த ரின். கூரை ஓட்டையை அடைக்கவும் அதையேதான் வெட்டி விரித்தார்கள். கூரைக்குச் சரியென்றால் கதவுக்கு ஏன் ஆகாது என்று நினைத்தேன். ஒன்றை எடுத்து வெட்டினேன்.

எழுத்து அச்சடித்த பக்கத்தை உள்ளே திருப்பி, ஓட்டையின் மேல் வைத்து, நான்கு மூலைகளிலும் ரிவெட் ஆணி அடித்தேன். நான்காவது மூலையில் துளை பிசகிவிட்டது. அதன் பக்கத்தில் இன்னொன்று அடித்தேன். ஆக, நான்குக்குப் பதிலாக ஐந்து. மேலே தடிப்பாகப் பட்டி பூசி, தேய்த்து, இளநீலம் அடித்தேன்.

லாபிர் காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எண்ணெய் ரின்னால கதவு செஞ்சிரிக்காடா இந்தப் புள்ள! குணம், வெயில் ஏறினா நீ அதில அப்பம் சுடலாம்!"

குணமண்ணன் அந்த மூலையைக் கையால் தடவினார். குனிந்து பார்த்தார். "எங்க ஓட்டை?" என்று கேட்டார்.

ஐயோ, எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை!

பிறகு வாகரைப் பக்கம் சண்டை வந்தது. சந்திரா அக்காவின் தங்கை குடும்பம் கதிரவெளியில் அகப்பட்டிருந்தது. அவர்களை ஏற்றிவரக் குணமண்ணன் வானை எடுத்துக்கொண்டு போனார். தங்கை குடும்பம் காட்டு வழியாக நடந்தே நான்கு நாட்களில் வந்து சேர்ந்தது. வழியில் அவர்கள் எந்த வானையும் காணவில்லை. எந்தச் சந்தியில், யாருடைய கையில் அவர் அகப்பட்டார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எதற்கும் கண்ட சாட்சி இல்லை.

அதன் பிறகு சந்திரா அக்கா மாதம் ஒரு தடவையாவது எங்கள் கராஜுக்கு வருவார். அரிசி ஆலையில் வேலை. அது முடிந்து, பஸ்சுக்குப் போகும் வழியில் உள்ளே எட்டிப் பார்ப்பார். தலைமயிரில் உமித்தூள் இருக்கும். கையில் ஒரு கோப்பு இருக்கும்.

"தங்கச்சி, வான் ஏதும் வந்ததா?"

"இல்லை அக்கா."

"நிறத்த மட்டும் பார்க்காதீங்க. நிறம் மாத்தியிருப்பாங்க."

இதை ஒவ்வொரு தடவையும் சொல்வார். எனக்கு, பெயின்ற் அடிக்கிறவளுக்கு, நிறம் மாற்றுவதைப் பற்றி!

ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார். "மனிசன ஒளிக்கலாம் தங்கச்சி. வான எங்க ஒளிக்கிற? அதுக்கு டீசல் அடிக்கவேணும், ரயர் மாத்தவேணும். எங்கயோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது ஓடுதெண்டா அவரத்தான் வச்சு ஓட்டுவாங்க. அந்த ரெண்டாம் கியரப் போட அவர விட்டா வேற ஆருக்கும் வராது."

அந்த வானின் இரண்டாம் கியர் முரண்டு பிடிப்பது உண்மைதான். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். அந்தக் கியரில்தான் அவர் தன் கணவரை உயிரோடு வைத்திருந்தார்.

யுத்தம் முடிந்தது. வீதித் தடைகள் ஒவ்வொன்றாக எடுபட்டன. பாசிக்குடாவில் ஹொட்டல்கள் கட்டத் தொடங்கினார்கள். அங்கே வேலையாட்களை ஏற்றி இறக்கும் வான் ஒன்றைப் பின்னால் வந்த ரிப்பர் லொறி மோதிவிட்டது. வான்காரர் பொலன்னறுவைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் அதே ரகக் கதவொன்றைத் தேடிப் பிடித்து, கூரைமேல் கட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். கதவு மரூன் நிறம். அவருடைய வான் வெள்ளை.

"மூண்டு நாளில வெள்ளையாக்கித் தாங்க. ஹொட்டல்காரன் கத்துறான்" என்றார்.

பழைய கதவைக் கண்டதும் தேய்க்கத் தொடங்கக்கூடாது. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவவேண்டும். பிறகு தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் அது தகரத்துக்குள்ளேயே இறங்கி, பிறகு புதுப் பெயின்ற்றைக் கொப்புளிக்க வைக்கும். இரண்டையும் செய்தேன். அதன் பிறகு காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் உண்டு. வெறும் இரும்பென்றால் பட்டென்று ஒட்டும். கீழே பட்டி தடிப்பாக இருந்தால் நழுவும்.

இடது கீழ் மூலையில் நழுவியது.

விரலால் தட்டிப் பார்த்தேன். கதவின் மற்ற இடமெல்லாம் கணீரென்றது. அங்கே மட்டும் பொத்தென்றது.

கரடுமுரடான தேய்ப்புத் தாளை எடுத்துத் தேய்த்தேன். ஒவ்வொரு பூச்சின் ஓரத்தையும் சரிவாகத் தேய்த்து இறக்குவது எங்கள் முறை. அப்படித் தேய்க்கும்போது அடியிலுள்ள நிறங்களெல்லாம் வெட்டிய வெங்காயம்போல் வளையம் வளையமாகத் தெரியும். மரூன். அதற்குள் சாம்பல். அதற்குள்... இளநீலம்.

இளநீல வான்கள் எத்தனையோ ஓடுகின்றன என்று நினைத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அப்படி நினைத்தேன் என்றால், அதற்கு முன்பே வேறொன்றை நினைத்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்?

பட்டி துண்டு துண்டாகக் கழன்றது. ரிவெட் ஆணித் தலைகள் வெளியே வந்தன. எனக்கு முதலில் வந்தது கோபம்! எந்த அரைகுறை செய்த வேலை இது, துருவின் மேல் தகரத்தை வைத்து மூடியிருக்கிறான் என்று வாய்விட்டே திட்டினேன். பிறகு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது மூலையில் இரண்டு.

அடுத்து வந்தது பயமல்ல. துக்கமும் அல்ல. வெட்கம்.

இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. ஒரு மனிதர் காணாமற்போய் அத்தனை வருடங்கள். அவருடைய வானின் முதல் தடயம் என் முழங்காலுக்கு முன்னால். எனக்கோ, லாபிர் காக்கா இந்த மோசமான வேலையைக் கண்டால் மறுபடியும் சிரிப்பாரே என்ற வெட்கம்! நான் எப்படிப்பட்டவள்? சொல்லுங்கள்.

லாபிர் காக்காவைக் கூப்பிட்டேன். "காக்கா, இந்த மூலை உக்கிப்போச்சு. வெட்டவேணும்."

எப்போது கூப்பிட்டேன்? காந்தம் நழுவியவுடனேயா? ஆணிகளை எண்ணிய பிறகா? கூப்பிட்டபோது கையெல்லாம் தூள் இருந்தது ஞாபகம். ஆனால் அன்று காலை முழுவதும் என் கையில் தூள்தான். காந்தம் நழுவினாலே மூலை உக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும், அப்போதே கூப்பிடுவதுதான் என் வழக்கம். அப்படித்தான் நடந்திருக்கும் என்று சில நாட்களில் நிம்மதிப்படுகிறேன்...

ஆனால் அந்த நிம்மதியும் நிலைப்பதில்லை. ஏனென்றால் அவர் உடனே வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தார். எந்த வரிசையில் நடந்திருந்தாலும், "வேண்டாம் காக்கா, பொறுங்க" என்று சொல்ல எனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி நேரம் இருந்தது.

நான் சொல்லவில்லை. கிரைண்டரின் வயரை நானே இழுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

மூலை கழன்று நிலத்தில் விழுந்தது. சூடு ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் அதைக் குறட்டால் எடுத்துத் திருப்பினார். உள்பக்கத்தில் எண்ணெய் ரின்னின் எழுத்துகள் பாதி துருவில் மறைந்தும் பாதி தெளிவாகவும் இருந்தன.

எழுத்துகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது ஆருட வேல புள்ள?"

"தெரியாது காக்கா."

அவர் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே மனிதர். துண்டைப் பழைய இரும்புக் குவியலில் போட்டார். "சரி. தகட்டை எடு" என்றார்.

அன்று பின்னேரம் நடேசண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணன், அந்தக் கதவு எந்தக் கடையில வாங்கினதாம்?"

"ஏன்கா, கதவுக்குச் சாதகம் பார்க்கப் போறியா? பேசி முடிச்சாச்சு, வெள்ளை வானோட கலியாணம்!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். குரலைத் தாழ்த்தினார். "பிள்ள, பெயின்ற் அடிக்கிறதோட எங்கட வேலை முடியுது. இஞ்ச இருந்துதான் நாலு குடும்பம் சாப்பிடுது. கேள்விய இஞ்சயே விட்டுப்போட்டுப் போ."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அது எப்படிப்பட்ட காலம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். யாரிடம் எதைக் கேட்டாலும், ஏன் கேட்கிறாய் என்றொரு கேள்வி திரும்பி வரும். அந்தக் கேள்வி வீடு வரைக்கும் வரும்.

ஆனால் இரும்புக் குவியல்? அது இரண்டு நாட்கள் என் கண் முன்னாலேயே கிடந்தது. ஒரு சின்னத் துண்டை எடுத்துப் பைக்குள் வைக்க யாருடைய அனுமதி வேண்டும்? யார் என்னைக் கேட்டிருப்பார்கள்? மூன்றாம் நாள் பழைய இரும்பு வாங்குபவர் வந்து குவியலை அள்ளிப்போனார். நான் உள்ளே பெயின்ற் கலந்துகொண்டிருந்தேன். லொறி கிளம்பும் சத்தம் கேட்டது. கலக்குவதை நிறுத்தவில்லை.

அதற்கு முதல் நாள் நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை. வரிசையில் பிழை விட்டுவிட்டேன். மன்னியுங்கள். சொல்ல மனம் வராததால்தான் பிழை வந்தது.

லாபிர் காக்கா புதுத் தகடு ஒட்டித் தந்தார். இந்தத் தடவை ஒழுங்கான வேலை. பட்டி வைத்து, தேய்த்து, மட்டம் பார்த்து, அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்து முடித்து, கதவை மரத் தாங்கியில் நிறுத்தியிருந்தேன். இன்னும் காயவில்லை.

சந்திரா அக்கா வந்தார்.

செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டக் காலைத் தூக்கினார். விழாமல் இருக்க ஒரு கையைக் கதவில் ஊன்றினார். பின் கதவின் நடுவில். தன் கணவரின் வானின் கதவில்.

"வான் ஏதும் வந்ததா தங்கச்சி?"

"இல்லை அக்கா" என்றேன்.

இது முதலாவது பொய். பொய்தானா? வான் வரவில்லைதானே! கதவுதானே வந்தது! அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே, என் மனம் எனக்கு இப்படி வாதாடியது. பயிற்சி பெற்ற மனம். கேட்ட கேள்விக்கு மட்டும் சரியாக விடை சொல்லும் மனம்.

அவர் கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறம். கதவில் அவருடைய கை, ஐந்து விரலோடு அப்படியே பதிந்திருந்தது.

"ஐயோ, பழுதாக்கிப்போட்டனா?" என்று பதறினார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! அவர் என்னிடம்!

"பரவாயில்லை அக்கா. தேய்ச்சாப் போயிரும்" என்றேன்.

தின்னர் நனைத்த துணியைக் கொடுத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று ஓடினார். பிரைமர் காய்ந்த பிறகு நான் மெல்லிய தாளை எடுத்தேன். தண்ணீர் விட்டு, அந்தக் கை அடையாளத்தைத் தேய்த்து எடுத்தேன். கட்டை விரல் கொஞ்சம் ஆழமாகப் பதிந்திருந்தது. அது போக நேரம் எடுத்தது.

மறுநாள் வெள்ளை அடித்தேன். மிக நன்றாக வந்தது.

சில மாதங்கள் கழிந்தன. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வருகிறார்களாம், எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவரச் சொன்னார்களாம் என்று சந்திரா அக்கா வந்தார். கவிழ்ந்து கிடந்த ரயரில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார்.

"உங்களுக்குத்தான் வாகனத்துப் பேரெல்லாம் ஒழுங்காத் தெரியும். அவர்ர வானுட அடையாளங்கள ஒண்டொண்டா எழுதித் தாங்க தங்கச்சி. நான் எழுதினா அழுகைதான் வரும், எழுத்து வராது."

எழுதினேன். முன் கண்ணாடியின் வலது ஓரத்து வெடிப்பு. சாரதிப் பக்க மிதிபடியின் நெளிவு. மாமாங்கப் பிள்ளையார் படம் ஒட்டியிருந்த இடத்தின் பசைக் கறை. பின் ஆசனத்துக் கிழிசலைத் தைத்த சிவப்பு நூல். இரண்டாம் கியர். இப்படி எட்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை.

அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

"பின் கதவுக்கு ஒண்டும் எழுதயில்லயே? நீங்கதானே அதத் திருத்தின?"

ஐந்து ஆணி, அக்கா. மூன்று மூலைக்கு மூன்று, நான்காவது மூலைக்கு இரண்டு. எண்ணெய் ரின். உங்கள் கைபட்ட அதே கதவு... தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது!

"அது நல்லாத் திருத்தினது அக்கா. அடையாளம் ஒண்டும் தெரியாது" என்றேன்.

இது இரண்டாவது பொய்.

அவர் முகம் மலர்ந்தது. "ஓம், அவரும் வந்து சொன்னவர். ஓட்டை எங்க இருந்ததெண்டே தெரியாதாம். உங்கட கைய அப்பிடி மெச்சினவர்" என்றார். தாளை மடிக்காமல், கசங்கிவிடாமல், கோப்பில் வைத்தார்.

ஏன் சொல்லவில்லை? எத்தனையோ தடவை காரணங்களை எழுதிப் பார்த்துவிட்டேன். பயம் என்று எழுதினேன். முதல் நாள் பயம் சரி, சில மாதங்களுக்குப் பிறகும் அதே பயமா? வான் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுவிட்டது என்று தெரிந்தால் அந்த இரண்டாம் கியரும் போய்விடும், அவர் உடைந்துபோவார், அதனால் மறைத்தேன் என்று எழுதினேன். எவ்வளவு வசதியான இரக்கம்! அவருடைய நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பை எனக்கு யார் தந்தது? அவர் கேட்டது நம்பிக்கையையா? அவர் கேட்டது வானை.

ஒரு கதவால் என்ன தெரிந்துவிடப் போகிறது என்றும் எழுதினேன். ஆனால் அந்தக் கதவை விற்ற ஒரு கடை இருந்தது. அந்தக் கடைக்காரருக்கு அதை விற்ற ஒரு ஆள் இருந்திருப்பார். அந்த ஆளுக்கு முன்னால் இன்னொருவர். ஒரு நூல் இருந்தது. அதன் நுனி என் கையில் இருந்தது. அந்த நூல் எங்கே போய் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்குமே போயிருக்காது என்றும் சொல்லலாம். தெரியாமல் போனதே என்னால்தானே?

வெட்கம் என்று எழுதிய தாளை மட்டும் கிழித்துவிட்டேன். அது உண்மையாக இருக்குமோ என்ற பயத்தில்தான் கிழித்தேன். காணாமற்போன ஒரு மனிதரைவிட, ஒரு மோசமான ஒட்டுவேலை வெளியே தெரிந்துவிடக்கூடாது என்பது எனக்குப் பெரிதாக இருந்ததா? அப்படியும் ஒருத்தி இருப்பாளா? தெரியவில்லை... எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

லாபிர் காக்கா கட்டாருக்கு வேலைக்குப் போனார். புறப்படும் முன் என்னிடம் விடைபெற வந்தார். தன் சுத்தியலைக் கையில் தந்தார்.

"புள்ள, அண்டைக்கு நீ தெரியாதெண்ட. நானும் திருப்பிக் கேக்கல்ல. எனக்கும் நாலு புள்ளைகள் இரிக்கி" என்றார். "நான் போறன். இனி அது உன்னட்ட மட்டும்தான் இரிக்கி."

"பத்திரமாப் போய்ட்டு வாங்க காக்கா" என்றேன்.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது எவ்வளவு எளிது! நீங்கள் உமித்தூள் படிந்த தலையோடு என் முன்னால் வந்து நிற்கப்போவதில்லை. நான் இதைச் சொல்லவேண்டிய ஆள் நீங்கள் அல்ல என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உங்களிடம்தான் சொல்கிறேன். இதுவும் அந்தப் பொய்களின் கணக்கிலேயே சேருமோ?

இன்றைய நிலைமை இதுதான். கதவு பாசிக்குடா வானில் இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தடவையாவது அது எங்கள் கராஜைக் கடந்து போகிறது, பெயின்ற் இன்னும் மங்கவில்லை. அந்தப் பழைய சாமான் கடை எதுவென்று வான்காரரிடம் நான் கேட்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் சந்திரா அக்காவின் பட்டியலில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போனார்கள், பதில் வரவில்லை. குணமண்ணன் வரவில்லை. சந்திரா அக்கா போன கிழமையும் வந்தார், கேட்டார், இல்லை என்றேன். இரண்டு பொய் என்றுதான் தொடக்கத்தில் எழுதினேன். அது பிழை. அவர் வந்த ஒவ்வொரு மாதத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். நான் இன்னும் எண்ணவில்லை.